போன் இல்லாதவர்கள் வரிசை

ஜூன் 9

தையல்கார அண்ணனுக்கு,

நீங்கள் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கடைக் கதவில் சாக்பீஸால் எழுதியிருந்ததைப் பக்கத்து வீட்டு டீச்சர் படித்துச் சொன்னார். விலாசத்தையும் அவரே விசாரித்துக் கொடுத்தார். ஆனால் இதை எழுதுவது நான்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாக இருக்கும். டீச்சரிடம் சொன்னால் அழகாக எழுதிக் கொடுப்பார். நான் உங்களிடம் கேட்கப்போவது அவருக்குத் தெரிய வேண்டாம்.

என் வீட்டுக்காரர் போய் அறுபது நாள் ஆகப்போகிறது. நீங்கள் வரவில்லை என்று எனக்கு வருத்தம் இல்லை, நீங்களும் அப்போது ஆஸ்பத்திரியில்தான் கிடந்தீர்கள். யாருமே வரவில்லை. பெட்டியை மூடித்தான் கொடுத்தார்கள். தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் மாட்டிய இரண்டு பேர் இறக்கினார்கள். உள்ளே இருப்பது அவர்தானா என்று கேட்டேன். ஒருவர் கையிலிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு ஆமாம் என்று தலையாட்டினார். அவ்வளவுதான்.

இப்போது ஒரு காரியமாக எழுதுகிறேன். அப்பாவுக்கு அந்தத் தொற்று எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள மகன் கடல் தாண்டியிருந்து சுகாதார அலுவலகத்துக்குப் போன் போட்டிருக்கிறான். மார்ச் மாதம் கால்பந்து மேட்ச் பார்க்கப் போனபோது அவர் வரிசையில் உட்கார்ந்த ஒருவருக்குக் காய்ச்சல் இருந்ததாம். போன் வைத்திருந்தவர்களுக்குப் போனில் சொல்லிவிட்டார்களாம். போன் இல்லாதவர்களுக்கு ஆள் வைத்துக் கடிதம் கொடுத்தார்களாம். பதினான்கு நாள் வீட்டை விட்டு வெளியே போகாதே, உடனே வந்து பரிசோதனை செய்துகொள் என்று அதில் இருந்ததாம். அவருடைய கடிதம் மார்ச் 18 வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டு வாங்கப்பட்டிருக்கிறதாம்.

மகன் டீச்சர் போனில் கூப்பிட்டு, "கடுதாசி வந்திருக்கும்மா. நீ படிக்கத் தெரியாம எங்கயோ சொருகி வச்சுட்ட. அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிருந்தா அப்பா இருந்திருப்பாரு" என்றான். டீச்சர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை.

வீட்டையே புரட்டிவிட்டேன். மெத்தைக்கு அடியில், மாவு டின்னுக்குப் பின்னால், அவர் சட்டைப் பைகளில். இல்லை. வாங்கி வைத்துவிட்டு மறந்துதான் போனேனோ என்று எனக்கே என் மேல் சந்தேகம் வருகிறது.

நீங்களும் அவரும் சேர்ந்துதான் போவீர்கள், அதே வரிசையில்தான் உட்காருவீர்கள். உங்களுக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததா? அவருடையது எங்கே போனது? உங்களுக்குத் தெரிந்ததை உங்கள் கைப்பட எழுதி அனுப்புங்கள். மகனிடம் காட்ட வேண்டும். என் வாய்ச்சொல்லை அவன் நம்ப மாட்டேன் என்கிறான்.

தங்கச்சி

---

ஜூன் 17

அன்புத் தங்கச்சிக்கு,

உன் எழுத்து ஒன்றும் கோணல் இல்லை. என் மகள் பட்டப்படிப்பு படித்தவள், அவள் எழுத்தைப் பார்த்தால் கோழி கிளறினது மாதிரி இருக்கும்.

நான் இங்கே ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலியில் இருக்கிறேன். உயிர் இருக்கிறது, மூச்சுதான் பாதி. பத்து அடி நடந்தால் சுவரைப் பிடிக்க வேண்டும். தையல் மெஷின் மிதிக்கிற காலம் முடிந்தது. பேத்தியின் பாவாடைக்கு ஊக்கு தைத்துக் கொடுத்தேன், அதற்கே வியர்த்துவிட்டது.

உன் வீட்டுக்காரனை நான் ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கிரவுண்டில் எல்லோருக்கும் அவன் 'ஆஃப்சைடு'தான். பந்து எங்கே இருந்தாலும் சரி, எதிர் அணிக்காரன் ஷூ கயிறு கட்டக் குனிந்தாலும் சரி, ஆஃப்சைடு என்று கத்துவான். ஏழு மாதம் மூடி வைத்துவிட்டு கிரவுண்டைத் திறந்தார்களே, அன்றைக்கு இருநூறு பேருக்குத்தான் இடம். அதில் ஐம்பது பேர் எங்களைப் போல, போனில் பதிந்துகொள்ள வழியில்லாதவர்கள். பின் வாசலில் தனி வரிசை. 'போன் இல்லாதவர்கள்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு அவன், "ஏன்டா, காது கேக்காதவங்க, கண்ணு தெரியாதவங்க மாதிரி நம்மளையும் ஆக்கிட்டானுங்களே" என்றான். உள்ளே போனதும் முகக்கவசத்துக்குள்ளிருந்தே கத்தினான் பார், காலி கிரவுண்டில் அது எதிரொலித்தது. ரெஃப்ரி ஆட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

நீ கேட்ட கடிதம் எனக்கு வந்த மாதிரி நினைவில்லை. அந்தச் சமயத்தில் கடிதம் கொண்டு வருகிறவர்களே பாதிப் பேர் படுக்கையில் கிடந்தார்கள். அலுவலகத்தில் எதையாவது எழுதி வைத்திருப்பார்கள். பையன் கோபம் தணியும். பெற்ற தாயை எத்தனை நாள் ஒதுக்கி வைப்பான்? விட்டுவிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

---

ஜூன் 22

அண்ணா,

நினைவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருபது வருடத்துக்கு முன்னால் நடந்த மேட்சில் யார் எத்தனையாவது நிமிடத்தில் கோல் போட்டான் என்று சொல்லுகிறவர் நீங்கள். மார்ச் மாதம் மறந்துபோகுமா?

நான் ஒன்று கேட்கிறேன். முகக்கவசம் போட்டால் கண்ணாடியில் ஆவி படிந்து எழுத்தே தெரிவதில்லை என்று அவர் சொல்லுவார். பின் வாசலில் மேஜை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள், பேர், விலாசம், இருக்கை நம்பர் எழுதிப் பெட்டியில் போட வேண்டும், "தையக்காரன்தான் ரெண்டு பேருக்கும் எழுதுவான்" என்பார். அப்படியென்றால் அவர் சீட்டில் எந்த விலாசம் எழுதினீர்கள்?

வேலைக்கு மறுபடி போகிறேன். சலவைக்கூடத்தில் என்னைத் தனி மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். போர்வை மடிக்க இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கு இரண்டு முனை. என்னோடு முனை பிடிக்க யாருக்கும் மனசில்லை. அதனால் தலையணை உறை மட்டும் மடிக்கிறேன். ஆஸ்பத்திரித் துணியைத் தொட்டுத் தொட்டு நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்று பேசிக்கொள்கிறார்கள். முகத்துக்கு நேரே சொன்னாலாவது பதில் சொல்லலாம்.

இன்னொன்றும் மனசை அரிக்கிறது. காய்ச்சல் வருவதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்து அவர் முன்னறை பெஞ்சில் தனியாகப் படுத்தார். முதுகு வலி என்றார். "நாப்பது வருஷமா வலிக்காத முதுகு இப்பத்தான் வலிக்குதா? என் மேல பிளீச்சிங் வாடை அடிக்குது, அதானே?" என்று நான் சண்டை போட்டேன். சாப்பாட்டுத் தட்டைக்கூட நான் வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் எடுத்தார். எனக்கு ஆத்திரம். நான்கு நாள் பேசாமல் இருந்தேன். ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்துவிட்டது.

விலாசத்தை மட்டும் சொல்லுங்கள்.

தங்கச்சி

---

ஜூலை 1

தங்கச்சி,

ஆமாம், என் கடை விலாசத்தைத்தான் எழுதினேன். பின்னால் வரிசை நிற்கிறது, அந்தப் பெண் சீக்கிரம் சீக்கிரம் என்கிறாள், ஒரே விலாசத்தை இரண்டிலும் எழுதிப் போட்டுவிட்டேன். இதில் என்ன குற்றம்? கடிதம் எதுவும் வரவில்லை என்றுதான் சொன்னேனே.

போனவனைத் தோண்டித் தோண்டிப் பார்ப்பதால் என்ன கிடைக்கப் போகிறது? நானும் செத்துப் பிழைத்தவன். நீ என்னைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கிறாய். இங்கே என் மகள் உன் கடிதத்தை உறை பிரித்துதான் கொடுத்தாள். "என்னப்பா, இந்தம்மா உங்களை எதுக்கு மிரட்டுறாங்க?" என்கிறாள். எனக்குத் தலைகுனிவாக இருக்கிறது.

இனிமேல் இதைப் பற்றி எழுத வேண்டாம்.

---

ஜூலை 6

அண்ணா,

உங்கள் மகளும் படிக்கட்டும். ஒளித்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை அரை நாள் சம்பளம் விட்டுவிட்டுச் சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். படிக்கட்டு வரை வரிசை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண். என் மகள் வயசு இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால். விஷயத்தைச் சொன்னேன். "அதெல்லாம் காட்டக் கூடாதும்மா" என்றாள். நான் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். நான் அழவில்லை, கத்தவும் இல்லை, அப்படியே நின்றேன். கடைசியில் அவள் எழுந்து போய் ஒரு பெரிய பதிவேட்டைக் கொண்டுவந்து, மார்ச் மாதத்தைப் புரட்டி, என் பக்கம் திருப்பிக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தாள்.

மார்ச் 18. உங்கள் பேர். அதற்குக் கீழே அவர் பேர். இரண்டுக்கும் உங்கள் கடை விலாசம். இரண்டுக்கும் நேரே ஒரே கையெழுத்து.

எனக்குப் படிப்பு கம்மி. ஆனால் அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும். தைத்த துணியில் குண்டூசி குத்திக் கொடுப்பீர்களே, அந்தச் சீட்டில் இருப்பது. கடைசி எழுத்தின் வாலை மேலே இழுத்துச் சுழித்து விடுவீர்கள். அவர் கால்சட்டை, என் ரவிக்கை, மகன் பள்ளிக்கூடச் சட்டை, எத்தனை சீட்டு பார்த்திருக்கிறேன்.

"இதைப் பாத்து ஒரு காகிதத்துல எழுதிக் குடுக்க முடியுமாம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். முடியாது என்றாள். அவள் மேல் தப்பில்லை.

கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. வாங்கி என்ன செய்தீர்கள்? என் வீடு உங்கள் கடையிலிருந்து இரண்டு தெரு. கூப்பிடு தூரம்.

கூலிக்காரியாக இருந்தாலும் நான் யாரிடமும் கையேந்தியதில்லை. இன்றைக்கு ஏந்துகிறேன். உண்மையை எழுதி அனுப்புங்கள். என் மகன் என்னைக் கொலைகாரி என்று நினைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறான்.

---

ஜூலை 19

தங்கச்சி,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. மகள் கடைக்குப் போயிருக்கிறாள், அவள் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

விலாசம் அவசரத்தில் மாறவில்லை. அவன் சொல்லித்தான் மாற்றினேன். கிரவுண்டு திறந்த முதல் நாளே அந்த மேஜை முன்னால் நின்றுகொண்டு, "உன் கடை விலாசமே எழுதுடா. வீட்டுக்கு ஏதாவது காகிதம் வந்தா அவ என்னை வெளிய விட மாட்டா" என்றான். நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன். ஐந்து மேட்சுக்கும் அப்படித்தான் எழுதினேன்.

பதினெட்டாம் தேதி மத்தியானம் சைக்கிளில் ஒருவர் வந்தார். ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு உறை. கையெழுத்துப் போட்டேன். பிரித்துப் படித்ததும் கடையைச் சாத்திவிட்டு அவனைத் தேடிப் போனேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம், அவன் பழைய வேலை இடத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவனுடையதை அவன் கையிலேயே கொடுத்தேன். ஆகவே நான் மறைக்கவில்லை. அப்படிச் சொல்லித்தான் இத்தனை நாள் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டு தடவை படித்தான். பிறகு, "சனிக்கிழமை மேட்ச்சுடா" என்றான்.

"பதினாலு நாள் வீட்ல இருக்கச் சொல்லியிருக்கான்டா" என்றேன்.

"எழுபத்தொரு வயசுல பதினாலு நாளுன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா? இன்னும் எத்தனை பதினாலு நாள் இருக்கு நமக்கு? உனக்கு இருமல் இருக்கா? எனக்கு இருக்கா? அப்புறம் என்ன?"

கிளப்பில் ஒரு விதி இருந்தது. ஒரு மேட்ச் வராவிட்டால் அந்த இருக்கை வெளியே காத்திருக்கிற அடுத்த ஆளுக்கு, சீசன் முடியும் வரை. சாவுக்குப் போனாலும் சரி, சொந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சரி. என்னுடையது 41, அவனுடையது 44. நடுவில் இரண்டு இருக்கை காலி விட வேண்டும். நாற்பது வருடமாகத் தோள் ஒட்டி உட்கார்ந்தவர்கள். ஆனாலும் அந்த 44 கையை விட்டுப் போய்விடும் என்று அவனுக்குப் பயம். எனக்கும்தான். எல்லாப் பழியையும் செத்தவன் தலையில் கட்ட மாட்டேன். அவன் போகலாம் என்று சொன்னபோது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதுதான் நிஜம்.

"தங்கச்சிகிட்டயாவது சொல்லு" என்றேன். "சொன்னா கதவைப் பூட்டிருவா. போன வருஷம் பூட்டினா இல்ல? நான் தள்ளிப் படுத்துக்கிறேன். அவளுக்கு ஒண்ணும் ஆகாது" என்றான். உறையை மடித்துப் பக்கத்தில் குப்பை எரிந்துகொண்டிருந்த நெருப்பில் போட்டான். என்னுடையதையும் வாங்கிப் போட்டான்.

சனிக்கிழமை போனோம். குளிர் காற்று. இரண்டாம் பாதியில் யாரும் பார்க்கவில்லை என்று பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டோம். பின் வரிசையில் கண்ணாடிக் கடைக்காரர். அவருக்கும் சேர்த்து ஒரே பிளாஸ்க் மூடியில் டீ குடித்தோம். அந்த மேட்சில் ஒரு கோல்கூட விழவில்லை தங்கச்சி. தொண்ணூறு நிமிடம் பந்தை அங்கேயும் இங்கேயும் உதைத்துவிட்டுப் போய்விட்டார்கள். "என்னடா இது, இதுக்கா வந்தோம்" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தான்.

கண்ணாடிக் கடைக்காரர் ஏப்ரல் 6. அவன் 11. நான் இருக்கிறேன்.

பையனிடம் காட்டு. காட்டாதே என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனால் அவனுக்கு அப்பன் என்றால் உயிர். ஐந்து வயதில் அவனைத் தோளில் உட்கார வைத்துக் கிரவுண்டைக் காட்டினவன். இதைப் படித்தால் அந்த அப்பனும் போய்விடுவான். நீயே யோசித்துக்கொள்.

கையெழுத்து கீழே போட்டிருக்கிறேன். நீ பார்த்த அதே கையெழுத்துதான்.

---

ஆகஸ்ட் 11

அண்ணா,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து முடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. அவர் தள்ளிப் படுத்தது எதனால் என்று தெரிந்த இடத்தில் நிறுத்திவிட்டு, போய் அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன். என் உயிருக்காக ஒதுங்கின மனுஷனை, என் வாடை பிடிக்கவில்லையா என்று கேட்டேன். அதுதான் அவர் நல்லபடியாக இருந்தபோது நான் பேசின கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு பேசியதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டிப் பேச்சு.

சொல்லியிருந்தால் தள்ளியும் படுத்திருக்கலாம், பிழைத்தும் இருக்கலாம் என்று உடனே கோபமும் வந்தது. இப்போது இரண்டும் மாறி மாறி வருகிறது. எது வருகிறது என்று எழுந்திருக்கும்போது எனக்கே தெரிவதில்லை.

நேற்று முன்தினம் கண்ணாடிக் கடைக்காரர் மனைவியைக் கடைத்தெருவில் பார்த்தேன். எப்போதும் போல என் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தலையெழுத்து பாத்தீங்களா" என்றார். அந்த அம்மாவிடம் என்ன சொல்ல? உங்கள் வீட்டுக்காரர் குடித்த டீயைப் பற்றி எனக்குத் தெரியும் என்றா? அவராக விடுகிற வரைக்கும் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

கடிதத்தை மகனுக்குக் காட்டிவிட்டேன். நீங்கள் சொன்னதை யோசித்தேன். அவனுக்கு அப்பா வேண்டும், சரி. எனக்கு மகன் வேண்டாமா? டீச்சரிடம் கொடுத்து, போனில் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். டீச்சர் படித்தார். படித்ததும் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஐந்து நாள் அவன் கூப்பிடவில்லை. ஆறாம் நாள் கூப்பிட்டான். அழுகிறானா என்று காதை வைத்துக் கேட்டேன். அழவில்லை. "உம்மேல தப்பில்லைம்மா, கடுதாசி உன்கிட்ட வரல" என்றான். இந்த வார்த்தைக்குத்தானே இரண்டு மாதமாக உங்களை இந்தப் பாடு படுத்தினேன். வந்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு கேட்டான்: "ஆனா அப்பா ஏம்மா உனக்கு அவ்வளவு பயந்தாரு?"

"தெரியல" என்றேன். சரி என்று வைத்துவிட்டான். மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிடுவான் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

தெரியல என்றது பொய். போன வருடம் நான் கதவைப் பூட்டினது உங்களுக்குத் தெரியும், எத்தனை நாள் என்று அவர் சொன்னாரா? இருபத்திரண்டு நாள். ஆஸ்பத்திரிப் போர்வைகள் வந்துகொண்டே இருந்த நேரம். ஒரு போர்வைக்குள் யாருடையதோ பல்செட்டு சுருண்டு வந்தது. அதைப் பார்த்த அன்றைக்குச் சாயங்காலம் பூட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். காலையில் வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன். சாயங்காலம் திரும்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். ஒரு நாள், "கக்கூஸ் குழாய் உடைஞ்சு தண்ணி முழுக்கப் போச்சு, கூப்பிட ஆளில்ல" என்றார். "உசிரு போகலைல்ல" என்றேன். அதற்குப் பிறகு அவர் எதற்கும் என்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. அடங்கிவிட்டார், புத்தி வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

காப்பாற்றத்தான் பூட்டினேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்லுவேன். ஆனால் அந்த இருபத்திரண்டு நாள் இல்லையென்றால், மார்ச் மாதம் சைக்கிளில் வந்தவர் என் வீட்டு வாசலுக்குத்தான் வந்திருப்பார்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. மன்னிக்க மாட்டேன் என்றும் எழுதிப் பார்த்தேன், அதுவும் கை ஓடவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் எழுத வேண்டாம்.

தங்கச்சி